படத்தின் பின்பக்கம் காலியா? வாசகர் கேள்வி–பதில்

ஊர் வரலாற்றுக்கென்று குழு நடத்துகிறவர்கள் கேட்டவை இந்த முறை.

கே: நாங்கள் ஆறு பேர். இரண்டு வருடமாக ஊர் வரலாற்றைச் சேகரிக்கிறோம். ஒரு அறை நிறையப் பழைய படங்கள், கடிதங்கள், கணக்குப் புத்தகங்கள், சாமான்கள் சேர்ந்துவிட்டன. அடுத்து அருங்காட்சியகம்தானே?

ப: அது இருக்கட்டும். அந்த அறையிலிருந்து ஏதாவது ஒரு படத்தைக் கையில் எடுங்கள். இதில் இருப்பது யார், ஏறக்குறைய எந்த வருடம், யார் வீட்டிலிருந்து வந்தது, கொடுத்தவர் ஒரேயடியாகக் கொடுத்தாரா இல்லை பார்த்துவிட்டுத் திருப்பித் தரச் சொன்னாரா? நான்குக்கும் பதில் வந்தால் சரி. வரவில்லை என்றால் அந்த அறைக்குப் பரண் என்றுதான் பெயர், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இனி ஆறு மாதத்துக்குப் புதிதாக எதையும் வாங்கிவைக்காமல், ஒரு பதிவேடு போட்டு, இருக்கிற ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுத்து, தெரிந்ததை எல்லாம் எழுதுங்கள். படத்தின் பின்னால் எழுதுவதானால், அதைக் கண்ணாடி மேல் கவிழ்த்து வைத்து மென்மையான பென்சிலால், அழுத்தாமல், ஓரமாக. பேனா மை நாளடைவில் முன்பக்கம் ஊறிவிடும். வழவழப்பான புதுக்காலத்துப் பிரிண்ட் என்றால் பென்சில் பிடிக்காது, உறை மேல் எழுதி, பிறகு படத்தை உள்ளே போடுங்கள். கொடுத்தவரிடம் ஒரு பக்கத்தில் கையெழுத்து வாங்கிவிடுங்கள், இதைச் சங்கடமாக நினைக்கவே கூடாது. அவர் காலத்துக்குப் பிறகு பிள்ளைகள் வந்து "எங்கள் தாத்தா படம் எங்கே" என்று கேட்கும்போது அந்த ஒரு காகிதம்தான் குழுவைக் காப்பாற்றும்.

அப்புறம், துருப்பிடிக்கிற கிளிப், ஸ்டேப்ளர் பின், ரப்பர் பேண்ட் எல்லாவற்றையும் நிதானமாக எடுத்துவிடுங்கள். சாமான்கள் தரையில் இருக்க வேண்டாம், வெளிச்சுவரை ஒட்டியும் வேண்டாம்.

கே: கடிதங்கள் ஓரத்தில் உதிர்கின்றன. எல்லாவற்றையும் லேமினேட் செய்துதர ஒருவர் செலவை ஏற்கிறேன் என்கிறார்.

ப: வேண்டவே வேண்டாம்! சூட்டில் உருகி ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிரித்தால் காகிதமும் கூடவே வரும். காகிதத்துக்குள் இருக்கிற அமிலம் உள்ளேயே இருந்து தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். 1930களில் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகமே செல்லுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக் தாளைச் சூட்டில் அழுத்தி ஆவணங்களைக் காப்பாற்றப் பார்த்தது, பின்னாளில் கைவிட்டது. திரும்ப எடுக்க முடியாத எதையும் அசல் மேல் செய்யாதீர்கள். செல்லோடேப்பும் அதே கதைதான், சில வருடத்தில் பசை பழுப்பாகிக் காகிதத்துக்குள் இறங்கிவிடும். அந்த நல்ல மனிதரை அமிலமில்லாத உறைகளும் அட்டைப்பெட்டிகளும் வாங்கித்தரச் சொல்லுங்கள், அவருக்கும் மனம் நிறையும். பத்திரிகைத் துண்டுகளை மட்டும் தனிப் பெட்டியில் வையுங்கள். அந்தக் காகிதத்தில் லிக்னின் என்கிற மரப்பொருள் அதிகம், தான் மஞ்சளாவதோடு பக்கத்தில் இருப்பதிலும் கறை ஏற்றிவிடும்.

கே: ஸ்கேன் செய்துவிட்டால் அசலைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?

ப: இரவல் வாங்கியது என்றால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். உங்களுடையது என்றால் வைத்திருங்கள். படங்களை 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி), நுணுக்கம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாக ஸ்கேன் செய்யுங்கள். மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்புச் சாதனம், ஒன்றாவது வேறு ஊரில். 'பத்திரமாக ஃப்ளாப்பியில் வைத்திருக்கிறேன்' என்று சொன்னவர்களை எனக்குத் தெரியும், அவர்களிடம் இப்போது ஃப்ளாப்பி மட்டும் இருக்கிறது.

கே: பெரியவர்களிடம் ரெக்கார்டரை நீட்டினால் "அந்தக் காலம் பொற்காலம்" என்பதைத் தாண்டிப் போக மாட்டேன் என்கிறார்கள்.

ப: நீங்கள் "அந்தக் காலம் எப்படி இருந்தது" என்று கேட்டிருப்பீர்கள், அதற்கு வேறு என்ன பதில் வரும்? ஒரு பழைய படத்தைக் கையில் கொடுங்கள். அல்லது வெள்ளைத்தாளில் நீங்கள் குடியிருந்த தெருவை வரைந்து காட்டுங்கள் என்று சொல்லுங்கள். முதல் வீடு யாருடையது, இரண்டாவது யாருடையது என்று விரல் நகர நகர, மூடிப்போன கிணறும் பேச்சு நின்றுபோன சண்டையும் தானாக வரும். இடையில் அவர் சும்மா இருந்தால் நீங்களும் சும்மா இருங்கள், அது ரொம்பக் கஷ்டம்தான். மின்விசிறியை நிறுத்திவிட்டு, தொடக்கத்தில் பெயர், தேதி, இடம் மூன்றையும் வாயால் சொல்லிப் பதியுங்கள், ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். உயிரோடு இருக்கிறவர்களைப் பற்றி ஏதாவது சொன்னால், எப்போது வெளியிடலாம் என்று அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

நல்ல கருவி வரட்டும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். அமெரிக்க வரலாற்றாசிரியர் ஆலன் நெவின்ஸ் 1948இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாய்மொழி வரலாற்றுப் பணியைத் தொடங்கியபோது முதல் பேட்டியை ஒரு மாணவர் கையால்தான் எழுதிக்கொண்டார்.

கே: எங்கள் ஊரில் ஒரு ராஜா ஓர் இரவு தங்கினார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆதாரம் கிடைக்கவில்லை. மலரில் போடலாமா?

ப: போடலாம், "என்று சொல்கிறார்கள்" என்பதையும் சேர்த்து. யார் சொன்னார், அவருக்கு யார் சொன்னார் என்பதையும் கேட்டுப் போட்டால் ராஜாவை விட அதுதான் சுவாரசியமாக இருக்கும்.