வணிக உத்திப் பாடத்தில் வரும் குழு சிமுலேஷனால் பயன் உண்டா, வெறும் விளையாட்டுதானா? டீமில் எந்தப் பொறுப்பை எடுப்பது நல்லது?

கேட்டவர் கடைசி செமஸ்டரில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்கிறேன். டீம் பிரித்திருப்பார்கள். ஒருவர் எல்லாவற்றுக்கும் முந்திப் பேசுவார், இன்னொருவர் கூட்டத்துக்கே வரமாட்டார். முதல் ரவுண்டு முடிவுகளை எப்படிப் போடுவது என்று புரியாமல் முழித்துக்கொண்டிருப்பீர்கள்.

"வெறும் விளையாட்டுதானா" என்று கேட்டிருப்பதால்தான் எழுத உட்கார்ந்தேன். அந்த விளையாட்டின் நான்காவது ரவுண்டில் நான் செய்த தவறு இன்னும் எனக்கு உறுத்துகிறது. ஒன்பது வருஷம் ஆகிறது.

சிமுலேஷன் என்றால் டீம் டீமாகப் பிரிந்து கணினியில் கற்பனைக் கம்பெனி நடத்தும் போட்டி. எங்கள் வகுப்பில் ஆறு டீம்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி கம்பெனி: ஒரே ஆலை, ஒரே பொருள், ஒரே கையிருப்புப் பணம். ஒரு ரவுண்டு என்றால் ஒரு வருஷம். ஆராய்ச்சி, மார்க்கெட்டிங், உற்பத்தி, ஃபைனான்ஸ் என்று நான்கு பக்கமும் முடிவெடுத்துக் கெடுவுக்குள் மென்பொருளில் ஏற்ற வேண்டும். மொத்தம் எட்டு ரவுண்டு. நான் ஃபைனான்ஸ்.

குறைந்த விலைப் பிரிவில் நின்று, உற்பத்திச் செலவைக் குறைத்து ஜெயிப்பது என்று முதல் நாளே முடிவு செய்தோம். அதற்காக ஆலையைத் தானியங்கிமயமாக்கப் பணம் போட்டோம். இரண்டு ரவுண்டு நாங்கள்தான் முதலிடம். மூன்றாவதில் வேறொரு டீம் உயர்விலைப் பிரிவில் புதுப் பொருளை இறக்கி நல்ல லாபம் பார்த்தது. எங்கள் தலைவருக்குப் பொறுக்கவில்லை, நாமும் அங்கே போகலாம் என்றார். யாரும் மறுக்கவில்லை, நான் உட்பட.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. நாங்கள் ஆடிய சிமுலேஷனில் ஆலையை எவ்வளவுக்குத் தானியங்கிமயமாக்குகிறீர்களோ, அவ்வளவுக்குப் பொருளின் வடிவமைப்பை மாற்ற நாளாகும். மலிவுப் பிரிவில் அது பாதிக்காது, அங்கே வாங்குபவர் புதுமையைக் கேட்பதில்லை. உயர்விலைப் பிரிவிலோ வருஷா வருஷம் பொருள் புதிதாக வேண்டும். ஹார்வர்டின் உத்திப் பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர் 1996-ல் எழுதிய கட்டுரையில், எதைச் செய்யாமல் விடுவது என்று தேர்ந்தெடுப்பதுதான் உத்தியின் சாரம் என்கிறார். அதை நான் தேர்வுக்குப் படித்திருந்தேன், நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். எங்கள் முடிவுத் தாளில் தானியங்கி ஆலையும் உயர்விலைப் பொருளும் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் இருந்தபோது எனக்கு அந்தக் கட்டுரை நினைவுக்கே வரவில்லை.

நான் சொல்ல வந்த தவறு இதுவும் இல்லை. விற்பனைக் கணிப்பு.

முந்தின வருஷம் எங்கள் மலிவுப் பொருள் 16 லட்சம் விற்றிருந்தது. அதை வைத்துத் தலைவர் அடுத்த வருஷத்துக்கு 19 லட்சம் என்று போட்டார். கணிப்பைக் கவனித்துக்கொண்ட தோழி, அதிகம் பேசாதவர், 12 லட்சம்தான் வரும் என்றார். அவர் கணக்கு எளிமையானது. அந்தப் பிரிவின் மொத்தத் தேவை 84 லட்சம், அங்கே ஏழு பொருட்கள், எல்லாம் கிட்டத்தட்ட ஒரே தரம். சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 12. இன்னொன்றும் சொன்னார்: "போன வருஷம் ரெண்டு டீமுக்கு ஸ்டாக் தீர்ந்துபோச்சு. அவங்க கிட்ட கிடைக்காதவங்கதான் நம்ம கிட்ட வந்தாங்க. அந்த 16 முழுசா நம்மளோடது இல்ல."

"நீ எப்பவுமே பயப்படுற" என்றார் தலைவர். அவர் கெட்டவர் இல்லை, ஜெயிக்கும் வேகத்தில் இருந்தார். 19 என்று ஏற்றினோம்.

ஏற்றுவதற்கு முன் நான் ஒரு காரியம் செய்தேன். மற்றவர்கள் உயர்விலைப் பொருளுக்குப் பெயர் வைப்பதில் இருந்தபோது, என் திரையில் உற்பத்தியை அப்படியே விட்டுவிட்டு, கணிப்பை மட்டும் 12 என்று மாற்றிப் பார்த்தேன். வருஷக் கடைசிக் கையிருப்புப் பணம் மைனஸில் போனது. 19 போட்டால் அழகான லாபம். அப்போதுதான் எனக்கு உறைத்தது: அந்த மென்பொருள் காட்டும் உத்தேச லாப நட்டக் கணக்கு நாம் தரும் கணிப்பை அப்படியே நம்புகிறது. நாம் ஆசைப்பட்டு எழுதிய எண்ணை லாபமாக நமக்கே திருப்பிக் காட்டுகிறது. நீண்டகாலக் கடன் கொஞ்சம் எடுத்து வைத்திருந்தால் போதும், மோசமான வருஷத்தையும் தாங்கியிருப்போம். வட்டி ஏறினால் லாபம் குறையும், தலைவர் முகம் சுருங்கும். கெடுவுக்கு இருபது நிமிடம் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. 12-ஐ அழித்து மறுபடி 19 போட்டேன்.

விற்றது பதினொன்றரை லட்சம். ஏழரை லட்சம் கிடங்கில் தங்கியது. அதைச் செய்யப் போன பணம் முழுக்க அங்கே முடங்கிவிட்டது. புதுப் பொருளும் வடிவமைப்பு இழுத்து அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போனது. அதற்குக் கட்டிய ஆலைக்கு மட்டும் பணம் கொடுத்தாயிற்று. கையிருப்பு தீர்ந்தால் சிமுலேஷன் தானாகவே அவசரக் கடனை ஏற்றிவிடும், அபராத வட்டியோடு. அதை அடைத்து எழுவதற்குள் மூன்று ரவுண்டு போனது. எட்டாவது முடிந்தபோது நான்காம் இடம்.

கமெண்டில் சிலர் வருவார்கள் என்று தெரியும். "நிஜ வியாபாரம் இப்படியா இருக்கும்?" இருக்காது. சிமுலேஷனில் ஊழியர் வேலையை விட்டுப் போவதில்லை, சப்ளையர் ஏமாற்றுவதில்லை, சட்டம் நடுவில் மாறுவதில்லை. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சந்தை அறிக்கை கையில் கிடைக்கும், வெளியே அது நடக்காது. கடைசி ரவுண்டு எது என்று முன்பே தெரிவதால் சில டீம்கள் எதிர்காலத்தைச் சுரண்டி மதிப்பெண் வாங்கிவிடும். இதையெல்லாம் ஒப்புக்கொண்டுதான் எழுதுகிறேன். பணம் முடங்குவது எப்படி என்பதும், தெரிந்தவர் பேசாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதும் வெளியே நடப்பது போலத்தான் உள்ளேயும் நடந்தது.

"காசு பிடுங்கக் கண்டுபிடித்த புது மோஸ்தர்" என்றும் ஒருவர் சொல்வார். பிசினஸ் பாலிசி என்ற பெயரில் ஹார்வர்டில் இந்தப் பாடம் 1912 வாக்கிலேயே இருந்தது. 1959-ல் ஃபோர்டு அறக்கட்டளைக்காகப் பொருளாதார அறிஞர்களான கார்டனும் ஹோவெலும் அமெரிக்க வணிகக் கல்வியை ஆராய்ந்து எழுதிய அறிக்கை, தனித்தனியாகப் படித்ததைக் கடைசியில் ஒன்றுசேர்க்கும் பாடமாக இது இருக்க வேண்டும் என்றது. கணினியில் ஆடும் நிர்வாக விளையாட்டுகளும் 1950-களின் பிற்பகுதியிலேயே வகுப்புக்குள் வந்துவிட்டன. கட்டணம் அதிகம் என்பது வேறு வழக்கு, அதில் நான் உங்கள் பக்கம்.

எனக்கு ஆறாத விஷயம் ஒன்று. கடைசியில் டீமுக்குள் ஒருவருக்கொருவர் மதிப்பெண் போடும் தாள் கொடுத்தார்கள். எங்கள் டீமில் மிகக் குறைவாக வாங்கியவர் அந்தத் தோழிதான். "விவாதத்தில் பங்கேற்பு" என்று ஒரு வரி இருந்தது, அதில்தான் குறைந்தது. நான் முழு மதிப்பெண் போட்டேன், சராசரியில் அது கரைந்துவிட்டது. சத்தமாகப் பேசுவதுதான் பங்கேற்பு என்றால் அந்தத் தாளை எடுத்துவிடலாம்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் வருகிறது. கேள்விக்குத் தொடர்பில்லாததுதான், பொறுத்துக்கொள்ளுங்கள். எக்செல் தெரிந்தவர் என்று ஒருமுறை பெயர் வாங்கிவிட்டால் உங்கள் கதி அதோடு முடிந்தது. கல்லூரியில் மற்ற டீம்காரர்களும் என்னிடம்தான் வந்தார்கள். அலுவலகத்திலும் இன்றுவரை "ஒரு நிமிஷம் இந்த ஷீட்டப் பாருங்களேன்" என்று வருகிறார்கள். அந்த ஒரு நிமிஷம் ஒன்றரை மணி நேரம் ஆகிறது. ஷீட் சரியானதும் அதை எடுத்துப்போய்க் கூட்டத்தில் விளக்குபவர் வேறொருவர். வருஷ மதிப்பீட்டில் அந்த மணி நேரங்களுக்கு ஒரு வரி கூடக் கிடையாது. நேரம் கேட்பவர்கள் பெயரையாவது சொல்லலாம் இல்லையா?

சரி, பொறுப்பு எது என்று கேட்டீர்கள். நான் ஒரே ஒரு டீமில் ஆடியவன், பேராசிரியர் இல்லை, அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். ஃபைனான்ஸ் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். மற்ற மூன்று பொறுப்பில் இருப்பவருக்கும் அவரவர் பக்கம்தான் தெரியும், எல்லாம் சேர்ந்து எங்கே போய் முட்டும் என்பது ஃபைனான்ஸ் திரையில்தான் தெரியும். முதல் ரவுண்டுக்கு முன்பே டீமில் ஒரு விதி போட்டுக்கொள்ளுங்கள்: விற்பனைக்கு இரண்டு எண் எழுத வேண்டும், எதிர்பார்ப்பது ஒன்று, மோசமானது ஒன்று. மோசமான எண்ணைப் போட்டும் பணம் மைனஸில் போகவில்லை என்று ஃபைனான்ஸ்காரர் சொன்ன பிறகுதான் ஏற்ற வேண்டும். விதியாக இருந்தால் யார் முகமும் சுருங்காது. எங்களிடம் அது இல்லை, அந்த இருபது நிமிடத்தில் நான் ஒருவன் துணிந்து பேச வேண்டியிருந்தது.

அந்தத் தோழியிடம் போன வருஷம்தான் பேசினேன், 12 போட்டுப் பார்த்துவிட்டு அழித்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தார். பிறகு, "அப்போ என் கணக்க நீயாவது நம்பியிருக்க" என்றார்.