மைஎஸ்க்யூஎல்லை வேறு டிஸ்க்கில் இன்ஸ்டால் செய்ய முடியுமா? செய்யவே வேண்டாம்

காவேரிப்பட்டினம் பக்கம் ஒரு மாம்பழக் கூழ் ஆலையின் கணக்குப் பிரிவில் இருக்கும் வாசகர் கேட்கிறார்: "ஆபீஸ் சர்வரில் உபுண்டு 22.04, அதில் மைஎஸ்க்யூஎல் 8 என்கிற டேட்டாபேஸ் சாஃப்ட்வேர். வேபிரிட்ஜ் சீட்டு, லாரி போட்டோ எல்லாம் அதில்தான் ஏறுகிறது. 120 ஜிபி எஸ்எஸ்டி நிரம்பப் போகிறது, 2 டிபி டிஸ்க் ஒன்று புதிதாகப் போட்டிருக்கிறோம். மைஎஸ்க்யூஎல்லை எடுத்துவிட்டு அந்த டிஸ்க்கில் போடலாம் என்றால் இன்ஸ்டால் செய்கிற ஏபிடி கட்டளை எந்த ஃபோல்டர் என்று கேட்கவே மாட்டேன் என்கிறது. கான்ஃபிக்கில் டேட்டா இருக்கும் இடத்தைச் சொல்லும் டேட்டாடிர் வரியை மாற்றினேன், யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று 777 கொடுத்தும் பெர்மிஷன் டினைடு. தோத்தாபுரி வரத்து தொடங்குவதற்குள் முடிக்க வேண்டும் சார்."

அன்இன்ஸ்டால் செய்கிற எண்ணத்தை முதலில் விடுங்கள். முழுதாக நீக்குகிற ஏபிடி பர்ஜ் போட்டால் டேட்டாபேஸையும் சேர்த்து அழிக்கட்டுமா என்று கேட்கும், அவசரத்தில் எஸ் கொடுத்துவிட்டால் போன வருடக் கணக்கும் சேர்ந்து போகும்.

ஏபிடி ஃபோல்டர் கேட்காததற்குக் காரணம் இருக்கிறது. எந்த ஃபைல் எங்கே போக வேண்டும் என்பது உபுண்டுவின் இன்ஸ்டால் ஃபைலான டெப் பேக்கேஜுக்குள்ளேயே எழுதி வைக்கப்பட்டிருக்கும், அதனால் விண்டோஸில் டி டிரைவைக் காட்டுவது மாதிரி இங்கே காட்ட முடியாது. காட்ட முடிந்தாலும் உங்களுக்குப் பயன் இல்லை, ஏனென்றால் மைஎஸ்க்யூஎல் புரோகிராம் எடுத்துக்கொள்வது சில நூறு எம்பிதான். இடத்தைத் தின்பது /வார்/லிப்/மைஎஸ்க்யூஎல் என்கிற ஃபோல்டரில் இருக்கும் டேட்டா. (பாதைகளை உச்சரிப்புப்படி எழுதுகிறேன், டெர்மினலில் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.) புரோகிராம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், டேட்டாவை மட்டும் நகர்த்துவோம்.

அதற்கு முன்னால் ஒன்று பாருங்கள். அந்த ஃபோல்டரில் பின்லாக் என்று தொடங்கி எண்களில் முடியும் ஃபைல்கள் எவ்வளவு இருக்கின்றன? மைஎஸ்க்யூஎல் 8-இல் ஒவ்வொரு மாற்றத்தையும் தனியாகக் குறித்து வைக்கும் பைனரி லாக் தானாகவே ஆன் ஆகியிருக்கும், 30 நாள் வரை வைத்துக்கொள்ளும். போட்டோவையெல்லாம் டேபிளுக்குள்ளேயே போடும் சாஃப்ட்வேர் என்றால் ஒவ்வொரு போட்டோவும் டேபிளில் ஒரு முறை, லாகில் ஒரு முறை என்று இரண்டு தடவை டிஸ்க்கில் ஏறும். ரெப்ளிகா (இதைப் பார்த்து நகல் வைத்துக்கொள்ளும் இன்னொரு சர்வர்) எதுவும் இல்லையென்றால் லாகை ஒரு வாரமாகக் குறைத்துவிடுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரலாம். ஆனால் அந்த ஃபைல்களை ஆர்எம் கட்டளை போட்டு அழிக்கக் கூடாது, மைஎஸ்க்யூஎல்லுக்குள் போய் பர்ஜ் பைனரி லாக்ஸ் கட்டளை கொடுக்க வேண்டும்.

சரி, 777-க்கு வருவோம். தடுத்தது ஃபைல் பெர்மிஷன் இல்லை, ஆப்ஆர்மர் என்கிற பாதுகாப்பு அமைப்பு. மைஎஸ்க்யூஎல் எந்தெந்தப் பாதைகளைத் தொடலாம் என்று உபுண்டு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது, அதில் இல்லாத இடத்தை நீங்கள் எவ்வளவு திறந்து வைத்தாலும் கெர்னல் விடாது. டிமெசேஜ் (டி-எம்-இ-எஸ்-ஜி என்று அடிக்க வேண்டும்) கட்டளையில் பார்த்தால் ஆப்ஆர்மர் டினைடு என்ற வரி இருக்கும். அதற்காக ஆப்ஆர்மரையே ஆஃப் செய்யச் சொல்பவர்கள் உண்டு, கேட்காதீர்கள். அந்த 777-ஐயும் திரும்ப எடுத்துவிடுங்கள்.

பட்டியலில் புதுப் பாதையைச் சேர்க்கலாம், தப்பில்லை. எனக்குப் பிடித்தது பைண்ட் மவுண்ட். புது டிஸ்க்கில் இருக்கும் ஃபோல்டரைப் பழைய பாதையின் மேலேயே கொண்டுவந்து பொருத்திவிடுவது. மைஎஸ்க்யூஎல்லும் ஆப்ஆர்மரும் பழைய பாதையைத்தான் பார்க்கும், கான்ஃபிக்கில் ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டாம். டேட்டாடிர் வரியைப் பழையபடி ஆக்கிவிடுங்கள்.

லோடு வராத நேரமாகப் பார்த்து ஆரம்பியுங்கள். டேட்டாபேஸின் பேக்கப்பாக மைஎஸ்க்யூஎல்டம்ப் எடுத்து வேறு கம்ப்யூட்டரில் போட்டுவிட்டுத்தான் மற்றதெல்லாம். புது டிஸ்க் இஎக்ஸ்டி4 ஃபார்மேட்டில் இருக்க வேண்டும், விண்டோஸில் ஃபார்மேட் செய்த என்டிஎஃப்எஸ் என்றால் ஓனர்ஷிப் ஒழுங்காக நிற்காது. எல்லாவற்றுக்கும் மேல் மட்டத்தில் டேட்டா என்று ஒரு ஃபோல்டர் திறந்து (/டேட்டா) டிஸ்க்கை அதில் மவுண்ட் செய்து, பூட் ஆகும்போது எதை எங்கே மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலில் எஸ்டிபி1 என்ற பெயரைப் போடாமல் டிஸ்க்கின் மாறாத அடையாள எண்ணான யுயுஐடி போடுங்கள், கேபிளை மாற்றிச் செருகினாலே அந்தப் பெயர் மாறலாம். அப்புறம் மைஎஸ்க்யூஎல்லை நிறுத்திவிட்டு ரூட் யூசராக ஆர்சிங்க் கட்டளையில், ஏ ஆப்ஷனுடன், டேட்டாவை /டேட்டா/மைஎஸ்க்யூஎல் ஃபோல்டருக்கு நகலெடுங்கள். மூலப் பாதையின் கடைசியில் சாய்கோடு கட்டாயம். விட்டால் மைஎஸ்க்யூஎல்லுக்குள் இன்னொரு மைஎஸ்க்யூஎல் உருவாகும், அதற்குள் மைஎஸ்க்யூஎல்லின் சொந்த ஃபோல்டரும் அதே பெயரில் இருக்கும், எது எது என்று தலை சுற்றும்.

அடுத்த வேலையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பழைய ஃபோல்டரின் பெயரை மாற்றிவிட்டு, அதே இடத்தில் அதே பெயரில் காலியான ஃபோல்டர் வையுங்கள், ஓனர் மைஎஸ்க்யூஎல். பழைய டேட்டாவை அப்படியே விட்டு மேலே மவுண்ட் செய்தாலும் ஓடும்தான். ஆனால் ஒரு நாள் கரண்ட் போய் வந்து ஏதோ காரணத்தால் பைண்ட் மவுண்ட் ஆகாமல் போனால், மைஎஸ்க்யூஎல் சத்தமே இல்லாமல் பழைய டேட்டாவோடு எழுந்துவிடும். லாரி நிற்கிறது, சீட்டு போட வேண்டும், யாரும் கவனிக்க மாட்டார்கள். சாயங்காலம் கணக்கு பார்க்கும்போது பாதிச் சீட்டு ஒரு டேட்டாபேஸில், மீதி இன்னொன்றில். காலி ஃபோல்டர் என்றால் மைஎஸ்க்யூஎல் ஸ்டார்ட்டே ஆகாது, உடனே தெரிந்துவிடும்.

எஃப்எஸ்டேபில் டிஸ்க் வரிக்குக் கீழே பைண்ட் வரி: /டேட்டா/மைஎஸ்க்யூஎல் /வார்/லிப்/மைஎஸ்க்யூஎல் நன் பைண்ட் 0 0. ரீபூட்டுக்கு முன் அந்த ஃபைலில் பிழை இருக்கிறதா என்று ஃபைண்ட்மவுண்ட் (எஃப்-ஐ-என்-டி-எம்-என்-டி) வெரிஃபை போட்டுப் பாருங்கள், பிறகு எல்லாவற்றையும் மவுண்ட் செய்ய மவுண்ட் ஏ. பிழையோடு ரீபூட் செய்தால் எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும், ஆலையில் மானிட்டர் தேடி ஓட வேண்டியிருக்கும். எல்லாம் சரி என்றால் மைஎஸ்க்யூஎல்லை ஸ்டார்ட் செய்து ஒரு சோதனைச் சீட்டு போட்டுப் பார்த்துவிட்டு, ஒரு முறை ரீபூட்டும் செய்து பாருங்கள். பெயர் மாற்றி வைத்த பழைய ஃபோல்டரைச் சில நாள் கழித்து அழித்தால் போதும், எஸ்எஸ்டியில் இடம் அப்போதுதான் காலியாகும்.