ஆங்கிலம் கேளுங்கள்: இன், ஒன், அட்

கேள்வி: ‘ஹட்டன் ஸ்டேஷனில் நிற்கிறேன்’ என்பதற்கு இன், ஒன், அட் மூன்றில் எதைப் போடுவது? சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் மகள் இதில்தான் புள்ளிகளை விடுகிறாள்.
*வாசகி, தலவாக்கலை*

பதில்: ஸ்டேஷனில், மேசையில், பெட்டியில் என எல்லாவற்றுக்கும் நமக்கு ‘இல்’ போதும். அந்த ‘இல்’லைக் கண்டதும் பிள்ளைகள் ‘இன்’ என்று எழுதிவிடுகிறார்கள். உருபை விட்டுவிட்டு, இடத்தை எப்படி நினைக்கிறோம் என்று பார்க்கச் சொல்லுங்கள். வரைபடத்தில் வைக்கும் ஒரு குறிபோல நினைத்தால் அட். மேற்பரப்பில் பட்டு இருந்தால் ஒன். சுவரோ எல்லையோ சூழ்ந்திருந்தால் இன்.

போனில் கேட்பவருக்கு ‘ஐ ஆம் அட் ஹட்டன் ஸ்டேஷன்’ என்றால் போதும். மேடையில் நின்றால் ‘ஒன் த ப்ளாட்ஃபோம்’. மழைக்கு ஒதுங்கி உள்ளே உட்கார்ந்துவிட்டால் ‘இன் த வெயிட்டிங் ரூம்’. ஹட்டனில் குடியிருப்பவர் ‘இன் ஹட்டன்’ என்பார். பதுளைக்குப் போகும் ரயிலுக்கோ அது வழியில் ஒரு தரிப்பிடம், ஆகவே ‘த ட்ரெயின் ஸ்டொப்ஸ் அட் ஹட்டன்’.

‘மலையில்’ என்பதும் இப்படித்தான். குன்றின்மேல் வீடு ‘ஒன் எ ஹில்’, உச்சியில் என்றால் ‘அட் த டொப் ஒஃப் த ஹில்’, மலையகத்தில் என்றால் ‘இன் த ஹில் கன்ட்ரி’. தோட்டத்தில் வேலை என்பதற்கு இங்கே பலரும் ‘இன் த எஸ்டேட்’ என்கிறோம். பிரித்தானிய வழக்கு ‘ஒன் த எஸ்டேட்’. ‘ஒன் எ ஃபாம்’ என்பதும் அதே வகைதான். பரீட்சையில் ‘ஒன்’ எழுதுவதே பாதுகாப்பு.

மூலைக்கு மட்டும் கவனம் தேவை: அறையின் மூலை ‘இன் த கோனர்’, தெருமுனை ‘அட் த கோனர்’ அல்லது ‘ஒன் த கோனர்’.

கேள்வி: பஸ்ஸுக்கு ஒன், த்ரீவீலருக்கு இன். இரண்டிலும் உள்ளேதானே உட்காருகிறோம்?
*வாசகர், பண்டாரவளை*

பதில்: எழுந்து நின்று நடக்க இடமுள்ள பஸ், ரயில், விமானம், கப்பலுக்கு ஒன், ஏறுவது ‘கெட் ஒன்’, இறங்குவது ‘கெட் ஒஃப்’. குனிந்து நுழைந்து உட்காரும் கார், வேன், த்ரீவீலருக்கு இன். அவற்றுக்கு ‘கெட் இன்டு’, ‘கெட் அவுட் ஒஃப்’. மோட்டார் சைக்கிளில் காலைப் போட்டு மேலே உட்காருவதால் ஒன். கிரகரி வாவியில் மிதக்கும் படகு ‘ஒன் த லேக்’, அதில் உட்கார்ந்திருப்பவர் ‘இன் எ போட்’.

கேள்வி: ஹோட்டலில் வேலை செய்கிறேன். ‘அரைவ் டு எல்ல’ என்று மின்னஞ்சலில் எழுதினேன். மேலாளர் திருத்தினார். ஏன்?
*வாசகர், எல்ல*

பதில்: ‘எல்லவுக்கு வந்தார்கள்’ என்ற நம் ‘கு’தான் அங்கே ‘டு’வாக நுழைந்திருக்கிறது. கம், கோ இரண்டும் ‘டு’வை ஏற்கும், அரைவ் ஏற்காது. ஊருக்கும் நாட்டுக்கும் ‘அரைவ் இன்’, ஹோட்டலுக்கும் ஸ்டேஷனுக்கும் ‘அரைவ் அட்’. ரீச் என்று எழுதினால் எதுவுமே வேண்டாம்: ‘தே ரீச்ட் எல்ல’. வீட்டுக்குப் போனாலும் வந்து சேர்ந்தாலும் அப்படியே: ‘கோ ஹோம்’, ‘அரைவ் ஹோம்’.