உங்கள் தம்பி எனக்குக் கடிதம் எழுதியிருந்தால்?

கேள்வி: அம்மா போன பிறகு அப்பா என்னோடுதான் இருக்கிறார். 76 வயது. சமீபத்தில் இரண்டு முறை குளியலறையில் விழுந்துவிட்டார். பகலில் தனியாக விடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் வேலைக்குப் போகிறவள். தம்பி வேறு ஊரில் இருக்கிறான். மாதாமாதம் பணம் அனுப்புவான், ஆனால் வரமாட்டான். போனில் விஷயத்தைச் சொன்னதும், “ஆள் வெச்சுக்கலாம்க்கா, பணம் நான் தரேன்” என்றான். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. “நீ எப்பவுமே இப்படித்தான்டா. பணத்தை வீசிட்டு ஒதுங்கிக்குவ” என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. “சரி, நீயே பாத்துக்க” என்று வைத்துவிட்டான். அன்றிரவே மனதில் இருந்ததையெல்லாம் வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதி அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. இன்றோடு 17 நாள். நான் கேட்டதில் என்ன தப்பு? எப்படிப் பேசினால் அவனுக்குப் புரியும்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

இரண்டு முறை விழுந்த அப்பாவை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவருக்கு, ஒவ்வொரு முறை போன் அடிக்கும்போதும் நெஞ்சு எப்படித் திக்கென்று ஆகும் என்று எனக்குப் புரிகிறது. நீங்கள் கேட்ட உதவி நியாயமானது. அந்தக் களைப்பில் வந்த வார்த்தைகளைப் பிடித்துக்கொண்டு உங்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் உங்கள் கடிதத்தை நாலைந்து முறை படித்த பிறகும் ஒன்று உறுத்துகிறது. அதில் அப்பா இருக்கிறார், டாக்டர் இருக்கிறார், உங்கள் வேலை இருக்கிறது. தம்பி தரப்பு மட்டும் ஒரு வரிகூட இல்லை. அவர் ஏன் வருவதில்லை? லீவு கிடைக்காதா, விருப்பமில்லையா, தளர்ந்துபோன அப்பாவைப் பக்கத்திலிருந்து பார்க்கும் தெம்பு இல்லையா? உங்களுக்குத் தெரிந்திருந்தால் எழுதியிருப்பீர்கள். தெரியாது என்றுதான் நினைக்கிறேன். “பணம் நான் தரேன்” என்பது அவர் சொன்னது. “பணத்தை வீசிட்டு” என்பது உங்கள் காதில் விழுந்தது. இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தில்தான் இந்த 17 நாளும் கிடக்கின்றன.

அதனால் அவருக்கு எப்படிப் புரியவைப்பது என்பதைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். இன்றிரவு ஒரு தாளை எடுத்து, உங்கள் தம்பி எனக்கு எழுதுவதாக ஒரு கடிதம் எழுதிப் பாருங்கள். “என் அக்கா அப்பாவைப் பார்த்துக்கொள்கிறாள், நான் தொலைவில் இருக்கிறேன்...” என்று ஆரம்பித்து, இதே சண்டையை அவர் வாயால் சொல்லுங்கள். குத்தல் வேண்டாம். அவர் அதைப் படித்தால், “ஆமா, இதைத்தான் நான் சொல்ல வந்தேன்” என்று சொல்கிற மாதிரி இருக்க வேண்டும். அரைப் பக்கத்தில் நின்றுபோகலாம். எங்கே நின்றதோ, அதுதான் நீங்கள் அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்க உளவியல் அறிஞர் கார்ல் ரோஜர்ஸ் 1951-இல் ஒரு சொற்பொழிவில், வாக்குவாதத்தில் இருக்கும் இருவருக்கு ஒரு விதி சொன்னார். எதிரே இருப்பவர் சொன்ன கருத்தையும் அவர் உணர்வையும், அவரே ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொன்ன பிறகுதான் உங்கள் பக்கத்தைப் பேசலாம். கேட்கச் சின்ன விஷயம் மாதிரி இருக்கும். செய்துபார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அவர் பார்வைக்குள் உண்மையாகவே போனால் நாமே மாறிவிடக்கூடும், அந்த பயம்தான் பலரைத் தடுக்கிறது என்று ரோஜர்ஸே சொன்னார்.

எனக்கும் என் அண்ணனுக்கும் ஒரு சொத்து விஷயத்தில் மனத்தாங்கல் வந்தபோது இதைச் செய்தேன். “நீங்க சொல்றது இதுதானேண்ணா?” என்று கேட்டேன். “இல்ல, அது இல்ல.” மறுபடி சொன்னேன். “பாதி சரி.” மூன்றாவது முறை சொல்லி முடித்தபோது உடனே பதில் வரவில்லை. கையில் இருந்த காகிதத்தை மடித்து மேசையில் வைத்துவிட்டு, “ஆமா” என்றார். அதுவரை உச்சத்தில் இருந்த குரல் இறங்கியிருந்தது. சொத்து விஷயம் அன்று முடியவில்லை, அதன் பிறகும் இரண்டு மாதம் இழுத்தது. ஆனால் அந்த இரண்டு மாதமும் நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம்.

இப்போது “எப்பவுமே” என்ற அந்தச் சொல்லுக்கு வருகிறேன். கோபத்தில் நம் எல்லோர் வாயிலும் முதலில் வருவது அதுதான். அதைக் கேட்டதும் எதிராளி, நீங்கள் சொல்லவந்த விஷயத்தை விட்டுவிட்டு, எப்பவுமே அப்படி இல்லை என்று நிரூபிக்கப் போய்விடுவார். இல்லையென்றால் உங்கள் தம்பி மாதிரி போனை வைத்துவிடுவார். அப்பா விழுந்தது ஒரு சம்பவம். “நீ இப்படித்தான்” என்பது ஒரு ஆள்மேல் எழுதும் தீர்ப்பு. சம்பவத்தைப் பற்றி இரண்டு பேர் சேர்ந்து யோசிக்கலாம். தீர்ப்புக்கு முன்னால் நிற்பவர் என்ன செய்வார், பாவம்?

ஆரம்பம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சான்று இருக்கிறது. ஜான் காட்மன், சிபில் கரேர் என்ற இரு ஆய்வாளர்கள் புதிதாகத் திருமணமான 124 ஜோடிகளை, கருத்து வேறுபாடு உள்ள ஒரு விஷயத்தைப் பற்றி 15 நிமிடம் பேசவைத்துப் பதிவுசெய்தார்கள். பிறகு ஆறு வருடம் அவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். யார் பிரிவார்கள் என்பதற்கான அறிகுறி அந்தப் பேச்சின் முதல் மூன்று நிமிடங்களிலேயே தெரிந்தது என்று 1999-இல் எழுதினார்கள். அது தம்பதிகளை வைத்துச் செய்தது, அக்கா தம்பியை வைத்து அல்ல. ஆனாலும் முதல் வாக்கியமே குற்றச்சாட்டாக இருந்தால் பேச்சு எங்கே போய் முடியும் என்பது யாருக்கும் பழகிய விஷயம்தான்.

அடுத்தது, அவர் மௌனம். அலட்சியம் என்று நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். அப்படியும் இருக்கலாம், ஆனால் வேறு ஒரு வாய்ப்பு உண்டு. சண்டையில் சிலருக்கு நெஞ்சு படபடத்து, நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 100-க்கு மேல் ஏறிவிடும். அந்த நிலையில் காதில் விழுவது மண்டைக்குள் போகாது, சொல்ல வார்த்தையும் கிடைக்காது. வெளியே பார்த்தால் கல் மாதிரி இருப்பார்கள், உள்ளே கொதித்துக்கொண்டிருக்கும். காட்மனின் ஆய்வுக்கூடத்தில் ஒரு முறை, கருவியைச் சரிசெய்ய வேண்டும் என்று சாக்குச் சொல்லி, வாக்குவாதத்தில் இருந்த ஜோடிகளை நடுவில் நிறுத்திப் பத்திரிகை படிக்கச் சொன்னார்களாம். துடிப்பு இறங்கிய பிறகு திரும்பவும் பேசவிட்டபோது, பேச்சின் போக்கே மாறியிருந்தது. இதற்குக் குறைந்தது 20 நிமிடமாவது வேண்டும் என்பது அவர் கணக்கு. அந்த நேரத்தில் “அவன் எப்படிச் சொல்லலாம்” என்று மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தால் ஒரு மணி நேரமானாலும் இறங்காது.

அதனால் அடுத்த முறை அவர் குரல் அடங்கினால் துரத்தாதீர்கள். “ரெண்டு பேரும் கொஞ்சம் நிதானமாகலாம்டா, எட்டு மணிக்கு நானே கூப்பிடறேன்” என்று சொல்லிவிட்டு வையுங்கள். நேரம் சொல்வது முக்கியம். நேரம் சொல்லாமல் வைத்தால் அதுவும் ஒரு அடிதான்.

வாட்ஸ்அப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எழுத்துக்குக் குரல் கிடையாது. 2005-இல் வந்த ஓர் ஆய்வில், கேலியாக எழுதியதா நிஜமாக எழுதியதா என்பதை மின்னஞ்சலில் படித்தவர்கள் கண்டுபிடித்தது, காசைச் சுண்டிப் பார்த்துச் சொல்வதைவிடக் கொஞ்சம்தான் மேல். அனுப்பியவர்களோ, நன்றாகவே புரிந்திருக்கும் என்று நம்பினார்கள். நீங்கள் அழுதுகொண்டே எழுதியிருப்பீர்கள். அவர் படித்தது ஒரு குற்றப் பத்திரிகை. எந்த நேரத்தில் பேசலாம் என்று கேட்க மட்டும் வாட்ஸ்அப்பை வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, கூப்பிட்டு என்ன சொல்வது? நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படி ஆரம்பிப்பேன்: “அன்னிக்கு நீ உதவி பண்றேன்னுதான் சொன்ன. நான் அதைத் தூக்கி எறிஞ்சிட்டேன். அது தப்பு. அப்பா ரெண்டாவது தடவை விழுந்ததுல இருந்து எனக்குத் தூக்கமே இல்லடா. பணத்தைவிட, நீ பக்கத்துல இருந்தா நல்லா இருக்கும்னு தோணுது. உனக்கு இதுல என்ன கஷ்டம்னு நான் கேட்டதே இல்ல. சொல்லு.”

“சொல்லு” என்று சொன்ன பிறகு வாயைத் திறக்கக் கூடாது, சகோதரி. அதுதான் இதில் மிகக் கஷ்டமான இடம். அவர் உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்வார். அது பாதி பொய்யாகக்கூட உங்களுக்குத் தோன்றும். “ஆனா நீ...” என்று நாக்கு நுனிவரை வரும். அப்போது ரோஜர்ஸின் விதியை நினைத்துக்கொண்டு, “அப்போ நீ சொல்றது இதுதானே?” என்று ஆரம்பியுங்கள். அவர் “ஆமா” என்ற பிறகு உங்களுக்கு என்ன வேண்டுமோ அதைத் தெளிவாகக் கேளுங்கள். “நீயும் பொறுப்பெடுத்துக்கணும்” என்பது காற்றில் போய்விடும். “மாசத்துல நாலு நாள் நீ வந்து இரு, மத்த நாளுக்குப் பகல்ல ஆள் வெச்சுக்கலாம்” என்றால் அவரால் சரி என்றோ முடியாது என்றோ சொல்ல முடியும். முடியாது என்றால், எது முடியும் என்று கேளுங்கள்.

விட்டுக்கொடுத்துப் போங்கள் என்று நான் சொல்லவில்லை. எல்லாப் பாரத்தையும் நீங்களே சுமந்து, உள்ளுக்குள் புகைந்துகொண்டிருந்தால் அது அமைதி ஆகாது. அப்புறம், அடி, மிரட்டல், பயம் உள்ள உறவுக்கு இந்த யோசனை எதுவும் பொருந்தாது. அங்கே முதல் வேலை பாதுகாப்பு. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தெரியாததால்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

இன்னொன்று கேட்க வேண்டும். பகலில் ஒரு ஆள் வந்து கூட இருப்பதை அப்பா விரும்புகிறாரா? மகன் வந்து நாலு நாள் தங்குவதை விரும்புகிறாரா? அவருக்கு நடமாட்டத்தில்தான் தடுமாற்றம் என்று உங்கள் கடிதத்திலிருந்து புரிந்துகொள்கிறேன், பேச்சில் இல்லை. தம்பியைக் கூப்பிடுவதற்கு முன்னால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அவர் சொல்வதைத் தம்பியிடம் அப்படியே சொல்லுங்கள். இல்லை, போனை ஸ்பீக்கரில் போட்டு அவரையே பேசச் சொல்லுங்கள்.

என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள். அவர் போனை எடுக்காவிட்டாலும் எழுதுங்கள்.