‘ஆமா’ சொன்னால் என்ன?

டீச்சர் பதில்கள்

கேள்வி: நான் ஹட்டன் பக்கத் தோட்டமொன்றில் பிறந்தவள். மூன்று வருஷமாக வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடையில் வேலை. வந்த புதிதில் ஒரு அம்மா சேலை விலை கேட்டார். “ஆமாங்க, 4,500 ரூபாங்க” என்றேன். “தோட்டப் பக்கமோ?” என்று கேட்டுவிட்டு, வேறு ஆளை அனுப்பச் சொன்னார். அன்றிலிருந்து யாழ்ப்பாணத்தார் பேசுகிற மாதிரி ‘ஓம்’, ‘கதைக்கிறது’, ‘என்ன மாதிரி’ எல்லாம் பழகிக்கொண்டேன். இப்போது யாரும் ஊர் கேட்பதில்லை. ஆனால் தீபாவளிக்கு வீட்டுக்குப் போனபோது அம்மா, “யாருகிட்ட பேசுறேன்னே தெரியலடி” என்று அழுதுவிட்டார். நான் செய்வது பொய்யா டீச்சர்?
- பெயர் வேண்டாம், கொழும்பு 6

பதில்: பொய் இல்லை, மகள். பயம். அந்தப் பயம் எனக்கும் தெரியும்.

1983 ஆடி மாதம் எனக்குப் பதினொரு வயது. அப்பா யாழ்ப்பாணத்து ஆள், கோட்டையில் ஒரு கந்தோரில் (அலுவலகத்தில்) எழுதுவினைஞர். தமிழருக்கு எதிரான கலவரம் தொடங்கிய அன்று 101 பஸ்ஸில் அவர் என்னைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஏறும்போதே காதில் சொன்னார்: “அப்பா எண்டு கூப்பிடாதே. தாத்தே எண்டு சொல்லு.” தாத்தே என்றால் சிங்களத்தில் அப்பா. அம்மா என்ற சொல்லால் பயமில்லை, அது இரண்டு மொழியிலும் ஒன்றுதான். அப்பாவைக் கூப்பிட்டால்தான் காட்டிக்கொடுத்துவிடும். அந்த ஆடியில் ஆட்களை மறித்து, வாளிக்குச் சிங்களத்தில் உள்ள ‘பால்திய’ என்ற சொல்லைச் சொல்லச் சொன்னார்கள். அதன் முதல் எழுத்தைச் சிங்களவர் போல அழுத்திச் சொல்ல நம்மவர் பலருக்கு வராது. தமிழில் எழுதினால் அந்த வித்தியாசமே தெரியாது, ஒரே ‘ப’தான். அந்த ஒரு ஒலியில் உயிர் தொங்கியது. வீடு வந்து சேரும்வரை என் அப்பாவை நான் தாத்தே என்றுதான் கூப்பிட்டேன்.

அதை அனுபவித்த நானே பிறகு செய்ததையும் சொல்ல வேண்டும். படிப்பிக்கத் தொடங்கிய முதல் வருஷம், ஆறாம் வகுப்பில் ஒரு பிள்ளை, நுவரெலியாப் பக்கம். ‘எங்கள் வீடு’ கட்டுரையில், ‘காலையில் அம்மா பீலிக்குப் போவாங்க’ என்று எழுதியிருந்தாள். பீலியைச் சிவப்பு மையால் வெட்டி, மேலே ‘குழாய்’ என்று எழுதினேன். ‘போவாங்க’வையும் வெட்டினேன். பீலி குழாய் இல்லை. மலையிலிருந்து வரும் தண்ணீர் தகரத்தாலோ மூங்கிலாலோ வழிந்து கொட்டுகிற இடம், லயத்துப் பெண்கள், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில் இருக்கிறவர்கள், கூடிக் கதைக்கிற இடம். அது எனக்குத் தெரியவில்லை, கேட்கவும் இல்லை. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையின் கட்டுரைகள் அரைப் பக்கத்தைத் தாண்டவே இல்லை. சரியென்று நிச்சயமாகத் தெரிந்த சொற்களை மட்டும் எழுதினாள். இன்றைக்கும் அந்தச் சிவப்பு மை என் கண்ணில் நிற்கிறது.

எங்கள் யாழ்ப்பாணத் தமிழ்தான் சுத்தமானது என்று அப்போது நம்பியிருந்தேன். நான் உட்கார்ந்த கதிரை, உடுப்பு வைத்த அலுமாரி, எட்டிப் பார்த்த யன்னல், போட்ட சப்பாத்து எல்லாம் போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்கள். அப்பாவின் ‘கந்தோர்’ ஒல்லாந்தருடைய சொல். உங்கள் அம்மா காலையில் ஆள்கணக்குக் கொடுக்கப் போகிற பெரட்டு வெள்ளைக்காரத் துரையின் ‘பரேட்’. ஆளவந்தவனின் சொல் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. பிறகு எதற்கு ஒன்றுக்கு மதிப்பு, இன்னொன்றுக்கு இளக்காரம்? சொல்லில் இல்லை காரணம். 1948இல் உங்கள் ஆட்களான மலையகத் தமிழரின் குடியுரிமையையே பறித்தார்கள். மிச்சமிருந்தவர்களுக்கும் அது கிடைக்க 2003வரை சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. கடைக்கு வந்த அந்த அம்மாவின் காதில் உங்கள் ‘ஆமா’ விழுந்தபோது இதெல்லாம் ஞாபகம் வந்திராது. லயம், கூலி என்ற இரண்டு சொல் மட்டும் வந்திருக்கும்.

கடையில் ‘ஓம்’ சொல்லுங்கள், தப்பில்லை. வருகிறவர் துவாய் கேட்டால் துவாய் என்றே எடுத்துக் கொடுங்கள், அது வியாபாரம். ஆனால் ஊர் கேட்டால் ஹட்டன் என்று சொல்லுங்கள். அப்புறம், ராத்திரி அம்மாவுக்குப் போன் எடுக்கும்போது ‘ஆமாம்மா’ என்றே தொடங்குங்கள். முதல் நாள் நாக்கு கொஞ்சம் தடுக்கும்.

கேள்வி: எனக்குச் சிங்களம் நன்றாக வரும். அரச அலுவலகத்தில் தமிழ்ப் படிவம் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள், தேடி எடுக்க அரை மணி நேரம். சிங்களத்தில் நிரப்பினால் வேலை முடிந்தது. ஏன் மினக்கெட வேண்டும்?
- வாசகர், வத்தளை

பதில்: 1956இன் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழி ஆக்கியது. தமிழும் ஆட்சிமொழி என்று அரசியலமைப்பில் ஏற 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் வரை, முப்பத்தொரு வருஷம் ஆனது. உங்களுக்குப் பின்னால் வரிசையில் சிங்களம் ஒரு எழுத்தும் தெரியாத ஒரு பெண் நிற்கலாம். நீங்கள் கேட்டு எடுப்பித்தால் அந்தப் படிவக்கட்டு மேசைக்கு வந்துவிடும். அவர் கேட்கத் தேவையிருக்காது. அரை மணி நேரம்தானே, நில்லுங்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டு முஸ்லிம் பிள்ளை தன் அக்காவைத் ‘தாத்தா’ என்கிறாள். அதைக் கேட்டு என் நாலு வயது மகனும் அப்படியே கூப்பிடுகிறான். திருத்தட்டுமா?
- தாய் ஒருவர், கொட்டாஞ்சேனை

பதில்: வேண்டாம். சிங்கள வீட்டில் தாத்தா அப்பா. மலையகத்தார் வீட்டில் பாட்டன். முஸ்லிம் வீட்டில் அக்கா. உங்கள் ஒழுங்கையில் மூவரும் இருப்பார்கள். யார் வீட்டு வாசலில் நின்று கூப்பிடுகிறோம் என்பதை வைத்து மகன் தானாகவே பிரித்துக்கொள்வான். நாலு வயதில் அது ஒரு பாரமே இல்லை. அந்தத் தாத்தா திரும்பிப் பார்த்து என்ன மகன் என்று கேட்கிறாள் அல்லவா, அது போதும்.