விக்கெட் இல்லாத பத்து ஓவர்

அன்புள்ள அண்ணா,

இணையத்தில் ஒரு கிரிக்கெட் மேலாண்மை விளையாட்டில் ஐந்து ஆண்டுகளாக அணி நடத்திவருகிறேன். அதில் நாம் மட்டை பிடிப்பதில்லை. ஆட்டக்காரர்களை வாங்குவது, விற்பது, பயிற்சி கொடுப்பது, சம்பளம் கொடுப்பது, பதினொருவரைத் தேர்ந்தெடுப்பது மட்டுமே நம் வேலை. ஆட்டத்தைக் கணினி நடத்திவிடும். பதினைந்து வாரம் போனால் அங்கே எல்லோருக்கும் ஒரு வயது கூடும்.

பதினேழு வயதில் அகாடமியிலிருந்து நான் எடுத்து வளர்த்த ஆஃப் ஸ்பின்னருக்கு இப்போது 33 வயது. கடந்த சீசனில் 14 ஆட்டங்களில் 9 விக்கெட்தான் எடுத்தார். ஓவருக்கு 3.6 ரன். சம்பளத்தில் ஏழில் ஒரு பங்கு அவருக்கே போகிறது. ஏலத்தில் 19 வயது வேகப்பந்து வீச்சாளர் ஒருவர் வந்திருக்கிறார். ஞாயிறு இரவு ஏலம் முடிகிறது. இவரை விற்று அவரை வாங்கலாமா? மைதானத்தில் இருக்கைகளைக் கூட்டுவதா, அகாடமியை மேம்படுத்துவதா என்ற குழப்பமும் இருக்கிறது. வேலைப்பளுவில் ஆட்டங்களைப் பந்துக்குப் பந்து பார்க்க நேரமில்லை, முடிவையும் மதிப்பெண்ணையும் மட்டும் பார்த்துக்கொள்கிறேன். இதெல்லாம் வெட்டிவேலை என்று வீட்டில் சொல்கிறார்கள். அணிப் பட்டியலை இணைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பரணை ஒழித்தபோது பழைய ஸ்கோர் புத்தகம் ஒன்று கிடைத்தது. ஒரு வாரமாக என் மேசையில் கிடக்கிறது. திரும்பப் பரணில் ஏற்றவும் முடியவில்லை, பழைய பேப்பர்காரரிடம் போடவும் மனம் வரவில்லை. அந்த நேரத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது.

பணத்தை அகாடமிக்குப் போடுங்கள். அதில் யோசிக்க ஒன்றுமில்லை. வீட்டில் சொல்வதை வீட்டிலேயே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள், அதற்கு நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். 33 வயது என்று ஏதோ கிழவரைப் பற்றிச் சொல்வதுபோல எழுதியிருக்கிறீர்கள். 2019 ஐபிஎல்லில் 26 விக்கெட்டுகளோடு முதலிடத்தில் நின்ற இம்ரான் தாஹிருக்கு அந்த ஆண்டுதான் நாற்பது வயது நிறைந்தது. வயதைப் பற்றி இதற்குமேல் பேச வேண்டாம்.

ஆட்டங்களைப் பார்க்க நேரமில்லை என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. ஒருவரைப் பதினாறு சீசன் வைத்திருந்தேன், வளர்த்தேன் என்கிறீர்கள். அவர் வீசிய ஒரு ஓவரையாவது பார்த்திருக்கிறீர்களா? பார்க்காமல் எப்படி வளர்த்தீர்கள்? வாராவாரம் பயிற்சிப் பக்கத்தில் ஒரு பொத்தானை அழுத்தியதை வளர்த்தது என்கிறீர்களா?

உங்கள் பட்டியலைப் பார்த்தேன். இருபத்தொரு பேர். வேகப்பந்து வீச்சாளர்கள் மட்டும் ஏழு பேர், அதில் ஐந்து பேருக்கு 22 வயதுகூட ஆகவில்லை. ஸ்பின்னர் இவர் ஒருவர்தான். ஐம்பது ஓவர் ஆட்டத்தில் ஒருவர் பத்து ஓவருக்குமேல் வீச முடியாது. புதுப்பந்து தேய்ந்து, வேகப்பந்துக்காரர்கள் களைத்த பிறகு, இருபதாவது ஓவரிலிருந்து நாற்பதாவது ஓவர்வரை யார் கையில் பந்தைக் கொடுப்பீர்கள்? எட்டாவதாக வாங்கப்போகும் அந்தப் பையனிடமா? ஏலத்தில் நல்ல சரக்கு வந்தால் கை அரிக்கும், தெரியும். தேவை இருக்கும் இடத்தை விட்டுவிட்டு, ஏற்கெனவே நிரம்பிய இடத்திலேயே மேலும் மேலும் கொட்டுவது அணி நடத்துவது ஆகாது.

9 விக்கெட் என்கிறீர்கள். அந்த எண்ணை எழுதிய கையோடு ஓவருக்கு 3.6 ரன் என்ற சிக்கனத்தையும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒன்றைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

1964 ஜனவரியில் சென்னையில் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்ட். பாபு நட்கர்னி இடது கையால் சுழற்பந்து வீசினார். 32 ஓவர், அதில் 27 மெய்டன், அதாவது ஒரு ரன்கூடக் கொடுக்காத ஓவர், 5 ரன், விக்கெட் இல்லை. இடையில் தொடர்ந்து 131 பந்துகளில் ஒரு ரன்கூடக் கிடைக்கவில்லை. தொடர்ச்சியாக 21 மெய்டன். வலைப்பயிற்சியில் ஆடுகளத்தில் ஒரு நாணயத்தை வைத்து, அதன்மேலேயே பந்தை விழவைத்துப் பழகியவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். உங்கள் விளையாட்டில் அவர் இருந்திருந்தால் அந்த ஆட்டம் முடிந்த இரவே அவரை விற்பனைக்குப் போட்டிருப்பீர்கள். விக்கெட் பத்தியில் சைபர் அல்லவா?

அந்த டெஸ்ட் டிராவில் முடிந்தது, அதனால் என்ன பயன் என்று கேட்பீர்கள். அதே இன்னிங்ஸில் சந்து போர்டே ஐந்து விக்கெட் எடுத்தார். ஒரு முனையில் அடைத்துவிட்டால் மட்டையாளர் மறுமுனையில்தான் திறக்கப் பார்ப்பார். அங்கே விழும் விக்கெட் அங்கே வீசியவர் கணக்கில் போகும். அடைத்தவர் பெயருக்கு நேராக ஒன்றும் வராது.

கணினிக்கு ஏது அவசரம், அது வெறும் கணக்குத்தானே என்றும் சொல்லலாம். கணக்குதான். ஆனால் தேவைப்படும் ரன் வேகம் ஏறினால் துணிந்து அடிக்கும்படி உங்கள் மட்டையாளர்களுக்கு ஆட்டத்துக்கு முன்பே உத்தரவு போட்டுவைப்பவர் நீங்கள்தானே? எதிரணியை நடத்துகிறவரும் அப்படித்தான் போட்டுவைத்திருப்பார். உங்கள் ஆள் ஆறு ஓவரில் பதினெட்டு ரன் கொடுத்தால் அந்த உத்தரவு மறுமுனையில் வேலை செய்யத் தொடங்கும்.

என் மேசையில் கிடக்கும் புத்தகத்துக்கு வருகிறேன். கல்லூரி முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த காலத்தில் மாவட்ட லீக்கில் ஒரு அணிக்கு ஸ்கோரராக இருந்தேன். மேட்டிங் விரித்து ஆடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கே பென்சில்களைச் சீவிக்கொண்டு போய்விடுவேன். ஸ்கோர் புத்தகத்தில் ஒவ்வொரு ஓவருக்கும் ஒரு சின்னக் கட்டம். ரன் இல்லாத பந்துக்குப் புள்ளி வைப்போம். மேலே மூன்று, கீழே மூன்று. ஆறும் புள்ளியானால் அவற்றைக் கோட்டால் இணைத்து ஆங்கில எழுத்து ‘எம்’ போல ஆக்கிவிடுவோம். அது மெய்டன். எங்கள் அணியில் ஒரு ஆஃப் ஸ்பின்னர் இருந்தார். தபால் துறையில் வேலை, வயது முப்பத்தைந்து இருக்கும். அவர் பெயருக்கு நேராக ‘எம்’ வரிசையாக நிற்கும். கோலம் போட்டதுபோல இருக்கும்.

சீசன் நடுவில் ஒரு ஆட்டத்தில் தோற்றோம். அன்று அவர் வீசியது பத்து ஓவர், நான்கு மெய்டன், 17 ரன், விக்கெட் இல்லை. அந்த வாரம் தேர்வுக் குழு கூடியது. ஒரு கடையின் பின்கட்டில் கூட்டம். செயலாளர் புத்தகத்தை என்னிடமிருந்து வாங்கி, விக்கெட் பத்தியில் மட்டும் விரலை மேலிருந்து கீழே ஓட்டினார். அவர் பெயரில் விரல் நின்றது. “மூன்று ஆட்டமாக ஒன்றுமில்லையே. பையனுக்கு வாய்ப்புக் கொடுப்போம்” என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். அந்த மூன்று ஆட்டங்களிலும் மறுமுனையில் எப்போது விக்கெட் விழுந்தது என்று எனக்குத் தெரியும். எழுதியவன் நான். பக்கத்தைத் திருப்பி விரல் வைத்துக் காட்ட அரை நிமிடம் போதும். நான் வாயைத் திறக்கவில்லை. ஸ்கோரர் பேசக்கூடாது என்று எந்த விதியும் கிடையாது. பெரியவர்கள் முன்னால் பேசப் பயம், அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு அவர் வெள்ளை உடுப்போடு வந்துவிட்டார். யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. மரத்தடியில் ஒட்டியிருந்த பட்டியலைப் படித்தார். பிறகு என் மேசைக்கு வந்து, “தம்பி, புத்தகத்தைக் கொஞ்சம் காட்டுங்கள்” என்றார். கொடுத்தேன். முந்தைய ஆட்டத்தின் பக்கத்தைத் திருப்பி, அந்த நான்கு எழுத்துகளையும் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பென்சில் எழுத்து. கொஞ்சம் கலைந்தது. “சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள்” என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அதன்பிறகு அவர் மைதானத்துக்கு வரவில்லை. அந்தக் கலைந்த பக்கம்தான் இப்போது என்முன்னால் திறந்திருக்கிறது.

அந்த சீசனில் நாங்கள் அதற்குப்பிறகு எத்தனை ஆட்டம் ஜெயித்தோம் என்பதையும் இந்தப் புத்தகத்தில் பார்த்தேன். ஒன்று.

உங்கள் கேள்வியை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். ஞாயிறு இரவுக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது. அந்த 14 ஆட்டங்களின் ஸ்கோர் அட்டைகளையும் பந்துக்குப் பந்து விவரத்தையும் திறந்து வையுங்கள். அவர் வீசத் தொடங்கிய ஓவர், முடித்த ஓவர், அந்த இடைவெளியில் மறுமுனையில் விழுந்த விக்கெட்டுகள். மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு அவர் ஆடாத ஆட்டங்கள் ஏதாவது இருந்தால், அதே ஓவர்களில் என்ன நடந்தது என்று பக்கத்தில் எழுதுங்கள். பென்சிலால் வேண்டாம், பேனாவால் எழுதுங்கள். மறுமுனையிலும் ஒன்றும் விழவில்லை என்று கணக்குச் சொன்னால் தாராளமாக விற்றுவிடுங்கள், நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். சனிக்கிழமைக்குள் அந்தத் தாளைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
அண்ணன்