பெங்களூரில் இருந்துகொண்டு வெளிநாட்டுச் சமையல் புத்தகங்களை எப்படித் தேடி வாங்குவது?

முதலில் சர்ச் ஸ்ட்ரீட்டுக்கு ஒரு நடை போய்வாருங்கள். அங்குள்ள பிளாசம், புக்வோர்ம் என்ற இரண்டு புத்தகக் கடைகளிலும் பழைய புத்தகங்களும் உண்டு. புரட்டிப் பார்த்தே வாங்கலாம். அங்கே இல்லையென்றால் ஐஎஸ்பிஎன் எண்ணை (ஒவ்வொரு பதிப்புக்கும் உள்ள அடையாள எண்) வைத்து, பல நாட்டுக் கடைகளின் புத்தகங்களை விற்கும் ஏப்புக்ஸ் (AbeBooks) இணையதளத்தில் தேடுங்கள். (தபால் செலவில்லாமல் அனுப்பிய புக் டெபாசிட்டரி என்ற இணையப் புத்தகக் கடை 2023 ஏப்ரலில் மூடப்பட்டது. அந்தக் காலம் போச்சு!) கெட்டி அட்டை, வழவழப்புத் தாள் என்று சமையல் புத்தகம் நல்ல கனம், சில சமயம் தபால் செலவு புத்தக விலையையே தாண்டிவிடும்.

அதைவிட முக்கியம், எந்த நாட்டுப் பதிப்பு என்பது. ஒரு கப் என்றால் அமெரிக்காவில் சுமார் 240 மில்லி, ஆஸ்திரேலியாவில் 250, ஜப்பானில் 200. ஆஸ்திரேலிய டேபிள்ஸ்பூனோ 20 மில்லி, அமெரிக்காவில் 15தான். கேக், ரொட்டிப் புத்தகங்களில் இது காலை வாரிவிடும். அமெரிக்க, பிரிட்டிஷ் பதிப்புகள் இரண்டும் இருந்தால், பெரும்பாலும் கிராம் கணக்கில் இருக்கும் பிரிட்டிஷ் பதிப்பையே வாங்குங்கள்.